உப்புப் பார்க்க வந்தவள்

என் மகளைக் கையோடு கூட்டிக்கொண்டு வருவதற்காகத்தான் நான் இலங்கைக்குப் போனேன். இரண்டு நாள் வேலை என்று சொல்லித்தான் திருப்பூரில் என் மெஸ் சாவியை நாத்தனாரிடம் கொடுத்தேன். சாவியை வாங்கும்போதே அவள் சிரித்தாள். "போய்ட்டு வாங்க அண்ணி, ரெண்டு நாளோ ரெண்டு மாசமோ" என்றாள். அவளுக்கு எப்போதுமே வாய் ஜாஸ்தி.

மகள் தாரணி கல்லூரியில் ஃபேஷன் மெர்ச்சண்டைசிங் படிக்கிறாள். அது என்ன படிப்பு என்று கேட்கிறவர்களுக்கு நான் மெஸ் கணக்கிலேயே சொல்லிவிடுவேன். சாப்பிட வந்தவரிடம் என்ன வேண்டும் என்று கேட்டு, அடுப்படிக்கு வந்து சொல்லி, சொன்ன நேரத்துக்கு இலைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிற ஆள் இருக்கிறாரே, அவர்தான் மெர்ச்சண்டைசர். சோற்றுக்குப் பதில் துணி, சாப்பிட வருகிறவருக்குப் பதில் வெளிநாட்டு பையர். அவ்வளவுதான் வித்தியாசம். கோடை விடுமுறையில் எல்லாப் பிள்ளைகளும் ஏதாவது கம்பெனியில் இன்டர்ன்ஷிப் செய்தாக வேண்டும். மற்ற பிள்ளைகள் உள்ளூரிலேயே டவுன்பஸ் ஏறிப் போனார்கள். என் மகள் கடல் தாண்டினாள். அவளுடைய ஆசிரியைக்குத் தெரிந்தவர் ஒருவர் புத்தளம் பக்கத்தில் சின்னதாகத் தையல் தொழிற்சாலை நடத்துகிறாராம். சண்டையெல்லாம் முடிந்துவிட்டது, தமிழ் பேசுகிற ஊர், பயப்படாதீர்கள் என்றார்கள்.

விடுமுறை முடிந்து கல்லூரி திறக்கிற நேரமும் வந்தது. இவள் வரவில்லை. "இன்னும் கொஞ்ச நாள் ஆகும்மா" என்றாள் போனில். குரலில் சுரத்தே இல்லை. "சாப்டியா கண்ணு?" என்றேன். "நோன்பும்மா" என்றாள். ரம்ஜான் மாதம் என்று எனக்குத் தெரியாதா? மெஸ்ஸில் சாப்பிடுகிற பசங்களில் நாலு பேர் பகலில் வருவதில்லை. ஆனால் இவளுக்கு என்ன நோன்பு? போனை வைத்த கையோடு டிக்கெட் போடச் சொன்னேன்.

விமானத்தை விட்டு இறங்கியதிலிருந்து பஸ்தான். டிரைவர் தலைக்கு மேல் புத்தருக்கு வண்ண விளக்கு, நம் தலைக்கு மேல் சிங்களப் பாட்டு. பக்கத்தில் உட்கார்ந்திருந்த சிங்களப் பெண் என்னைப் பார்த்தபடியே கண்டக்டரிடம் ஏதோ சொன்னாள். முன்சீட்டுக்காரர் திரும்பி எனக்குத் தமிழில் சொன்னார்: "இந்த அம்மாக்குக் கண் சொக்குது, பாலாவியில எழுப்பி இறக்கிவிடு எண்டு சொல்றா." எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நான் என்ன பஸ்ஸில் தூங்குகிற ஆளா? முந்தலில் வண்டி நின்றபோது எல்லோரும் இறங்கி மீன் வைத்த பன்னும் டீயும் சாப்பிட்டார்கள். மகளோடு சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று நான் இறங்கவில்லை. அதற்குப் பிறகு கண்ணை மூடித் திறந்தேன், புத்தளம் பஸ் ஸ்டாண்ட் வந்திருந்தது. இறங்க வேண்டிய பாலாவி போய் வெகுநேரமாகியிருந்தது.

வந்த வழியே திரும்ப ஓர் ஆட்டோ பிடித்தேன். ரோட்டோரம் பாத்தி பாத்தியாக உப்பளம். குவித்த உப்பின் மேல் தென்னங்கீற்று மூடி வைத்திருந்தார்கள். நம்ம ஊர் ரோட்டில் மாடு நிற்கிற மாதிரி அங்கே கழுதை நிற்கிறது. ஹாரன் அடித்தால் காதை மட்டும் ஆட்டும். ஆட்டோக்காரர் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். வழியில் இருந்த சாப்பாட்டுக் கடைகள் நோன்புக்காகப் பூட்டிக் கிடந்தன. அவர் இரண்டு தெரு சுற்றி, முன்னால் சீலை கட்டித் தொங்கவிட்ட ஒரு கடையில் நிறுத்தினார். "உள்ளுக்குப் போங்க, நான் வெளிய நிக்கிறன்."

உள்ளே பாண் என்கிற ரொட்டியும், தேங்காய்ப் பால் விட்ட பருப்பும், பால் இல்லாத டீயும் கொடுத்தார்கள். பருப்பில் தேங்காய்ப் பாலா என்று முகம் சுளித்துக்கொண்டே இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். வெளியே வந்தபோது அந்த மனிதர் வெயிலில் நின்றுகொண்டிருந்தார், உதடு வெடித்திருந்தது. "நீங்க டீ குடிக்கலீங்களா?" என்றேன். "நாங்க நோம்பு" என்றார், மணி கேட்டால் சொல்வதுபோல. நுரைச்சோலை அனல் மின் நிலையத்தின் புகைபோக்கி கண்ணில் பட்ட இடத்தில் ஆட்டோவில் பெட்ரோல் தீர்ந்தது. அவரைத் தனியாகத் தள்ளவிட மனசு வரவில்லை. நானும் இறங்கித் தள்ளினேன்.

தொழிற்சாலை என்றால் தகரக் கூரை போட்ட ஒரு நீளக் கொட்டகை, நாற்பது தையல் மிஷின்கள். திருப்பூரில் மிஷின் சத்தத்துக்கு மேல் சினிமாப் பாட்டு அலறும். இங்கே மிஷின் சத்தம் மட்டும்தான் கேட்டது. தாரணி ஓடிவந்து கட்டிக்கொண்டாள். தோள் எலும்பு என் நெஞ்சில் குத்தியது.

"ஏன் கண்ணு இப்படி எளச்சுப் போய்ட்டே? கெளம்பு, போலாம்."

"வரமாட்டேன்னு சொல்லலம்மா. இப்ப வரமாட்டேன்."

எனக்குக் கோபம் வந்தால் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். அதைப் பார்த்துவிட்டு அவளே கையைப் பிடித்து உட்காரவைத்துச் சொன்னாள். அவள் வந்த முதல் வாரம், குழந்தைகள் போடுகிற நீலக் கவுனுக்கு ஓர் ஆர்டர் வந்தது. முதலாளி கொழும்புக்குப் போயிருந்தார். எந்தத் தேதிக்குச் சரக்கு தயாராகும் என்று பையர் அவசரமாகக் கேட்க, இவள் உட்கார்ந்து கணக்குப் போட்டாள். திருப்பூரில் வளர்ந்த பிள்ளை அல்லவா? ஷிப்மென்ட் நேரத்தில் சாயங்காலத்துக்கு மேலும் ஆட்கள் நின்று தைப்பார்கள் என்று மாலை நேரத்தையெல்லாம் சேர்த்துக்கொண்டாள். நடுவில் நோன்பு மாதம் வருவதை நினைக்கவே இல்லை. திருப்பூர்க்காரிக்கு இதெல்லாம் அத்துபடியாக இருக்கும் என்று முதலாளியும் நம்பிவிட்டார். பையர் அந்தத் தேதிக்குக் கப்பலில் இடம் போட்டுவிட்டார்.

"இப்ப எல்லாரும் மூணரைக்கே வீட்டுக்குப் போயிடறாங்கம்மா. பாதி கவுன்கூட முடியல. கப்பல விட்டா முதலாளி சொந்தச் செலவுல விமானத்துல அனுப்பணும். அவரால முடியாது. இந்த இடத்தையே மூடிடுவாரு. தேதி குடுத்தது நான்தாம்மா."

"அதுக்கு நீ எதுக்குப் பட்டினி கெடக்கறே?"

"என் தேதிக்காக அவங்க தண்ணிகூடக் குடிக்காம தைக்கறாங்க. அவங்க முன்னாடி நான் எப்படி பாட்டிலத் தொறக்கறது?"

பையைத் திறந்து பருப்புப் பொடியையும் தக்காளித் தொக்கையும் எடுத்து மேசைமேல் வைத்தேன். பகலில் தொடமாட்டாள் என்று தெரிந்தும் வைத்தேன்.

முதலாளியை எல்லோரும் றபீக் நானா என்கிறார்கள். நானா என்றால் அண்ணன். சண்டைக் காலத்தில், சின்ன வயதில் மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்டு, கடல் வழியாகக் கற்பிட்டியில் வந்து இறங்கிய குடும்பம். அதை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டு, "பிள்ளைய ஏசாதீங்க அக்கா, நான் பாத்திருக்கோணும்" என்றார். மகள்மேல் எரிந்து விழுவார் என்று நான் சண்டைக்குத் தயாராகப் போயிருந்தேன். அத்தனையும் வீணாயிற்று.

தாரணி தங்கியிருந்தது பரீதாவின் வீட்டில். தையல் வரிசையைப் பார்த்துக்கொள்கிறவர் அவர்தான், தாரணிக்கு ராத்தா, அதாவது அக்கா. என் வயதுதான் இருக்கும். "தாரணிட உம்மாவா? வாங்க, வாங்க, உள்ளுக்கு வாங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். நான்கு மணிக்கெல்லாம் அடுப்புப் பற்றவைத்தார். கஞ்சி, வடை, சோறு, மீன் குழம்பு. பகலெல்லாம் தைத்துவிட்டு வந்த கை அப்படி ஓடியது. குழம்பு கொதித்ததும் கரண்டியில் ஒரு சொட்டு எடுத்து என் உள்ளங்கையில் விட்டார்.

"உப்பு பாத்துச் சொல்லுங்க அக்கா."

அப்போதுதான் எனக்கு விஷயம் உறைத்தது. ஊரே நோன்பு. உப்புப் பார்க்க ஒரு நாக்கும் கிடையாது. நாக்கு நுனியில் வைத்துத் துப்பிவிடலாம் என்று சொல்கிறவர்களும் உண்டாம், பரீதாவுக்கு அதில் மனசு ஒப்பவில்லை. சின்னப் பிள்ளைகளிடம் கொடுத்தால் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிடும். "இன்னும் ரெண்டு கல்லு போடலாமுங்க" என்றேன். அதற்குள் கீற்று வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கிண்ணம் நீண்டது. அடுத்த வீட்டு றிஹானா. "நோம்பில்லாத ஆள் வந்திருக்காம் எண்டு சொன்னாங்க. இதையும் கொஞ்சம் பாருங்களேன்."

மறுநாள் வேலியில் ஐந்து கிண்ணம். அந்தச் சந்துக்கே நான் உப்பு அதிகாரியாகிவிட்டேன். றிஹானாவின் இறைச்சிக் கறி வாயில் வைக்க வழியில்லாமல் இருக்கும். "எப்படி இருக்கு அக்கா?" என்று ஆசையாகக் கேட்பாள். "உப்பு சரியா இருக்குதுங்க" என்பேன். மற்றது என் இலாகா இல்லை.

நான் திரும்பியிருக்க வேண்டிய நாள் காலையில், தாரணி மிஷின்களை நிறுத்தச் சொல்லிவிட்டுப் பெண்கள் முன்னால் போய் நின்றாள். நோன்புக்காக மூடிக் கிடந்த கேன்டீன் வாசலில் நின்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். "பிழை என்னோடதுதான். நோன்ப நான் கணக்குல எடுக்கல. உங்களால முடிஞ்சத மட்டும் சொல்லுங்க, அத வெச்சுப் புதுசா ப்ளான் போடறேன்" என்றாள். நாற்பது பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

பரீதாதான் பேசினார். "விடியத் தொழுதிட்டு நேர இங்க வந்தா தெம்போட தைக்கலாம், வெயில் ஏறுறத்துக்கு முதல் பாரமான வேலையெல்லாம் முடிஞ்சிடும். பகல் தொழுதிட்டுக் கொஞ்சம் படுக்கலாம். பின்நேரம் இருந்தபடியே பொத்தான் வைக்கலாம், மடிக்கலாம். ஆனா நோம்பு தொறக்கிற வரைக்கும் நிக்க ஏலாது பிள்ள. நோம்பு எங்கள வீட்ட அனுப்பல்ல. அடுப்புதான் அனுப்புது. நாங்க போகாட்டி வீட்டில ஒருத்தருக்கும் ஒண்டும் இல்ல."

எனக்குத் துணியைப் பற்றி ஒன்றும் தெரியாது. அடுப்பு என்று காதில் விழுந்ததும் சும்மா இருக்க முடியவில்லை. "அடுப்ப எங்கிட்ட உடுங்க. தெனம் முந்நூறு பேருக்கு ஆக்கிப் போடறவ நான். கோழிய நீங்க உங்க ஹலால் கடையில வாங்கிக் குடுங்க, இந்தக் கேன்டீன் சாவிய மட்டும் தாங்க" என்றேன். றபீக் நானா, "நீங்க விருந்தாளி, அது சரியில்ல" என்று இழுத்தார். "என் மகளோட தேதி அது. அவ விருந்தாளியா இருந்தா நானும் விருந்தாளி" என்றேன். தாரணி என்னைப் பார்த்த பார்வை இன்றைக்கும் கண்ணிலேயே நிற்கிறது.

அன்று மாலையிலிருந்து கேன்டீன் என்னுடையது. கஞ்சிக்கு அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு, கோழி. தேங்காய்ப் பாலும், வாசனைக்குப் போடுகிற ரம்பை இலையும் இல்லாமல் கஞ்சியா என்று பெண்கள் அடம்பிடித்தார்கள். பாலை ஊற்றினால் வயிறு மந்தமாகிவிடும் என்று நான் அடம்பிடித்தேன். கடைசியில் ஊற்றினேன். ருசியாகத்தான் இருந்தது, ஆனால் அதை நான் ஒத்துக்கொள்ளவில்லை. பொழுது சாய்வதற்கு முன்னால் வீட்டு ஆண்கள் கையில் வாளியோடு தொழிற்சாலை வாசலில் வரிசையில் நின்றார்கள். முதல் நாள் கூச்சத்தில் வேலியையும் வானத்தையும் பார்த்துக்கொண்டு நின்றவர்கள், மூன்றாம் நாள் "வடை இல்லையா அக்கா?" என்று கேட்கும் அளவுக்கு வந்துவிட்டார்கள். எங்கள் ஊர் ஆண்பிள்ளைகளை இப்படி நிற்கவைக்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. சனிக்கிழமை ஆட்டோக்காரர்கூட வந்து நின்றார். அவர் மனைவியும் அங்கேதான் தைக்கிறாளாம்.

என்னைத் தவிர எல்லோரும் நோன்பு. அது பழகப் பழக எனக்குக் கஷ்டமாகிவிட்டது. விடிவதற்கு முன்பே பரீதாவும் தாரணியும் கிளம்பிவிடுவார்கள். நான் எழுந்து பார்த்தால் ஃப்ளாஸ்க்கில் டீயும், மூடி வைத்த இடியாப்பமும், தேங்காய்ச் சம்பலும் இருக்கும். பகலெல்லாம் பட்டினியாக வேலை செய்யப் போகிறவர் எனக்காகச் சமைத்து வைத்துவிட்டுப் போகிறார். நாலு வாய் தின்னும்போதே யாரோ பார்க்கிற மாதிரி இருக்கும்.

லாரி வரவேண்டிய நாளுக்கு முந்தின நாள் சாயங்காலம். பொத்தான் மேசையில் தாரணி தலை சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள், ஒரு கையில் குட்டிக் கவுன் அப்படியே இருந்தது. எதிரே பரீதா ஒரு கையால் துணியை மடித்துக்கொண்டு மறு கையால் அவளுக்கு அட்டையை விசிறிக்கொண்டிருந்தார். என் பிள்ளைக்கு நான் விசிறி எத்தனை வருஷம் ஆயிற்று! எனக்கு வெட்கமாகவும் இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது.

மறுநாள் காலை ஃப்ளாஸ்க்கைத் திறந்து டம்ளரில் டீயை ஊற்றினேன். குடிக்க முடியவில்லை. இஞ்சி வாசனை ஆளைத் தூக்கியது, இருந்தும் முடியவில்லை. திரும்ப ஃப்ளாஸ்க்கிலேயே ஊற்றி மூடினேன். அவர்களைப்போல விடிவதற்கு முன் எழுந்து எதுவும் சாப்பிடவுமில்லை, யாரிடமும் சொல்லவுமில்லை. ஒரு நாள்தானே என்று நினைத்தேன். பதினோரு மணிக்கே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அடுப்பு முன்னால் நின்றபோது கஞ்சிப் பானை இரண்டாகத் தெரிந்தது. இத்தனை நாளும் இவர்கள் எப்படி மிஷினை மிதித்தார்கள்?

பானைக்கு முன்னால்தான் மாட்டிக்கொண்டேன். பழக்க தோஷத்தில் கரண்டியைத் தூக்கி உள்ளங்கையில் விட்டுக்கொண்டேன். வாய்க்குக் கொண்டுபோகப் போனவள் அப்படியே சேலையில் துடைத்தேன். ஊரில் பாக்கெட் தூள் உப்பு, கை அளவு தெரியும். இந்த ஊர்க் கல்லுப்பை இத்தனை நாளும் நாக்கை நம்பித்தான் போட்டு வந்தேன். கூடிப்போனால் எடுக்க முடியாதே என்று பயந்து பயந்து ஒரு கை போட்டேன். அந்தப் பானைக்கு அது மூக்குப்பொடி அளவு. அந்த நேரம் பார்த்து றிஹானா கிண்ணத்தோடு தொழிற்சாலைக்கே வந்து நின்றாள். "வாய்ப்புண்ணுங்க, இன்னிக்கு ஒண்ணும் தெரியல" என்று ஒரு பொய்யைச் சொல்லி அனுப்பினேன். பாவம், முகம் வாடிப் போனாள்.

கடைசிப் பெட்டியை ஒட்டி லாரியில் ஏற்றியபோது வெயில் தணிந்திருந்தது. றபீக் நானா லாரியின் கதவை இரண்டு தட்டுத் தட்டினார். கற்பிட்டி ரோட்டில் ஒரு கழுதை குறுக்கே நிற்க, நாற்பது பெண்களும் வாசலில் நின்று அதை விரட்டினார்கள். லாரி வளைவில் மறையும்வரை தாரணி அசையவில்லை. பிறகு குந்தி உட்கார்ந்து, முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். பரீதா அவள் தலையைத் தடவி, "சரி பிள்ள, சரி. போயிட்டுது. எழும்பு" என்றார். ரம்ஜான் பெருநாளுக்கு நில்லுங்கள் என்று அவர்கள் கேட்டார்கள். கல்லூரி திறந்துவிட்டது, மறுநாளே கிளம்புவது என்று தாரணியே சொல்லிவிட்டாள்.

வாளிக்காரர்கள் வழக்கம்போல வாங்கிக்கொண்டு போனார்கள். அவர்கள் வீட்டில் அந்தக் கஞ்சி என்ன ஆயிற்றோ, நான் கேட்டுக்கொள்ளவில்லை.

கேன்டீனில் பாயை விரித்து எல்லோரும் உட்கார்ந்தார்கள். நடுவில் பேரீச்சம்பழத் தட்டு, தண்ணீர், வரிசையாகக் கஞ்சிக் கோப்பைகள். பள்ளிவாசலில் பாங்கு சொன்னதும் பழத்தைத் தின்று, தண்ணீர் குடித்து, கஞ்சியை எடுத்தார்கள். நான் அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் வாயை எல்லோரும் குனிந்தபடியே விழுங்கினார்கள். இரண்டாவது வாய்க்கு யாரோ மெதுவாகத் தொண்டையைச் செருமினார்கள். பரீதா கோப்பைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, எழுந்துபோய் உப்புக் கிண்ணத்தைக் கொண்டுவந்து, யார் முகத்தையும் பார்க்காமல் பாயின் நடுவில் வைத்தார்.

தாரணி கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள்.

"அம்மா, இன்னிக்கு நீ உப்புப் பாக்கலியா?"

"மறந்துட்டேன்."

"நீ மறக்கமாட்டே. காலையில டீ குடிச்சியா?"

நான் கரண்டியைத் துடைக்கப் போனேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. எழுந்து வந்து, தட்டிலிருந்து ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்துக் கொட்டையை நீக்கி என் வாயில் வைத்தாள். "பாங்கு சொல்லி இவ்வளவு நேரமாச்சு, இன்னும் நின்னுட்டே இருக்கறே. தின்னும்மா" என்றாள். பரீதா தன் பக்கத்தில் நகர்ந்து பாயில் எனக்கு இடம் விட்டார்.

உப்புக் கிண்ணம் கை மாறி மாறி வந்தது. தாரணி அதை வாங்கி அடுத்த பெண்ணிடம் கொடுத்தாள். தன் கஞ்சியில் ஒரு கல்கூடப் போட்டுக்கொள்ளாமல் அப்படியே குடித்தாள். இரண்டு கோப்பை.